கையில் ஒட்டிய சென்சாரும் சாயங்காலச் சர்க்கரையும்

ஓசூரில் மழை நின்றதும் காலி மனையெல்லாம் பார்த்தீனியம் பூத்துவிடும். எங்கள் பக்கம் காங்கிரஸ் செடி என்பார்கள். அது பூத்தால் எனக்குத் தும்மல், கண் அரிப்பு, ராத்திரியில் இழுப்பு. முற்றிப்போனால் டாக்டர் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை எழுதுவார். 20 மில்லிகிராம், 5 நாள், காலையில் சாப்பிட்ட பிறகு. கூடவே 9 வருடமாகச் சர்க்கரையும் உண்டு. மெட்ஃபார்மின் இரண்டு வேளை.

போன வருடக் கதையைச் சொன்னால்தான் இந்த வருடம் கிட்டத்தட்ட 5,000 ரூபாய் போட்டு, கையில் ஒட்டிக்கொண்டால் சர்க்கரை அளவை 14 நாள் விடாமல் போனில் காட்டும் சென்சார் ஏன் வாங்கினேன் என்பது புரியும். மாத்திரை ஆரம்பித்ததும் தினமும் விடியற்காலையில் விரலைக் குத்திப் பார்த்தேன். 118, 124, 116. பரவாயில்லையே என்று இருந்துவிட்டேன். ஆனால் தாகமோ தாகம், மத்தியான மணி அடிப்பதற்குள் ஸ்டாஃப் ரூமில் இரண்டு பாட்டில் தண்ணீர் காலி. நாலாம் நாள் சாயங்காலம் ஏதோ தோன்றிக் குத்தினால் 287. மெஷின்தான் கெட்டுவிட்டது என்று வேறு விரலில் குத்தினேன். 281.

இந்தத் தடவை மாத்திரை தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்பே சென்சாரை மேல்கையின் பின்பக்கம் ஒட்டிக்கொண்டேன். சட்டைப் பட்டனைவிடக் கொஞ்சம் பெரிய வட்டம். ஒட்டும்போது எறும்பு கடித்த அளவுகூட வலிக்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்து போனில் கோடு ஓட ஆரம்பித்தது.

அந்தக் கோட்டுக்குத்தான் கொடுத்த காசு. மாத்திரை போட்ட நாட்களில் காலை 6 மணிக்கு 115 பக்கம் சாதுவாக இருக்கும். 11 மணிக்கு மேல் ஏறத் தொடங்கி, மத்தியானச் சோறும் சேர்ந்துகொண்டால் 4, 5 மணிக்கு 270ஐத் தொடும். படுக்கும்போது இறங்க ஆரம்பித்து, விடியும்போது மறுபடி நல்ல பிள்ளை! ஸ்டீராய்டு ஈரலைக் கூடுதலாகச் சர்க்கரை விடவைக்கிறது, தசைகளை இன்சுலினுக்கு மசியாமல் செய்கிறது, காலையில் போட்டால் அந்த வேகம் ராத்திரிக்குள் தணிந்துவிடுகிறது என்று டாக்டர் விளக்கினார். வெறும் வயிற்றில் மட்டும் பார்த்தால் அது பிடிபடாது. படத்தைக் காட்டியதும், அந்த 5 நாளுக்கு மட்டும் மத்தியானத்துக்கு ஒரு மாத்திரை சேர்த்தார். நானாக எதையும் கூட்டவோ குறைக்கவோ இல்லை.

கோட்டைப் பார்த்துக்கொண்டே கொஞ்சம் விளையாடியும் பார்த்தேன். அந்த மத்தியான மாத்திரை சேர்ந்த பிறகு ஒரு நாள் டிபன் பாக்ஸில் எலுமிச்சை சாதம், மறுநாள் அதில் பாதியும் சுண்டலும். இரண்டாம் நாள் சாப்பிட்ட கையோடு பள்ளி வராந்தாவில் கால் மணி நேரம் நடந்தேன். உச்சி 240லிருந்து 205க்கு வந்தது. ஒரே ஒரு தடவை பார்த்ததுதான், ஆனாலும் பிள்ளைகள் வேடிக்கை பார்த்தது வீண்போகவில்லை.

குறைகளும் உண்டு. மூன்றாம் ராத்திரி 2 மணிக்கு அலாரம், சர்க்கரை 58 என்று. பதறிப்போய் இரண்டு ஸ்பூன் சர்க்கரையை வாயில் போட்ட பிறகுதான் விரலைக் குத்தினேன். 131! சென்சார் இருந்த கையை அமுக்கிக்கொண்டு தூங்கியிருக்கிறேன். அப்படிப் படுத்தால் பொய்யாகக் குறைத்துக் காட்டுமாம், பெட்டியோடு வந்த தாளில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. இன்னொன்று, இது ரத்தத்தைப் பார்ப்பதில்லை, தோலுக்கடியில் உள்ள நீரைப் பார்க்கிறது. சர்க்கரை வேகமாக ஏறும்போது பத்து நிமிடம்போலப் பின்தங்கும். அதனால் குளுக்கோமீட்டரைத் தூக்கிப் போட்டுவிட முடியாது. ஜாக்கெட் கை இறுக்கமாக இருந்தால் மாட்டிக்கொண்டு இழுக்கும். தளர்வாகத் தைத்த பழைய ஜாக்கெட்டுகளை எடுக்கவேண்டி வந்தது.

வாங்கலாமா என்றால், முதல் தடவை ஸ்டீராய்டு எடுக்கும் சர்க்கரைக்காரர்கள், கையில் காசு இருந்தால், ஒரு தடவை வாங்கலாம். எனக்கு இனி வேண்டாம். என் சர்க்கரை எந்த நேரத்தில் ஏறும் என்று தெரிந்துவிட்டது, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் ஒன்று, சாயங்காலம் 5 மணிக்கு ஒன்று என குளுக்கோமீட்டரில் இரண்டு ஸ்ட்ரிப் போதும். தவிர, அடுத்த வருடம் செடி பூப்பதற்கு முன்பே மூக்கு ஸ்பிரேயை ஆரம்பிக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். அதுவும் ஸ்டீராய்டுதான், ஆனால் ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு என்பதால் மாத்திரை மாதிரி சர்க்கரையை ஏற்றாதாம்.

14ஆம் நாள் கழற்றும்போது பசை விடவே இல்லை. தேங்காய் எண்ணெய் தடவி ஊறவிட்டால் வந்துவிடும்.