பித்தளை மெஷ் என்று மஞ்சள் பூசிய இரும்பைத் தந்தார்கள்: மைக் கட்டுகிறவர்கள் கவனத்துக்கு

வீட்டில் சொந்தமாக மைக் கட்டுகிறவர்கள், மெஷ்ஷும் (மைக் தலையை மூடும் கம்பி வலை) ஃபோமும் வாங்கப் போகும் முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு 1,100 ரூபாயும் ஒரு நல்ல கேப்சூலும் (மைக்கில் ஒலியை வாங்கும் பாகம்) போயின.

என் சித்தப்பா ஊரில் பிள்ளைகளுக்குத் தேவாரம் சொல்லிக்கொடுக்கிறார். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. அவர் குரலை நன்றாகப் பதிந்து வைக்க வேண்டும் என்று 34 மில்லிமீட்டர் கண்டன்சர் கேப்சூல் ஒன்று வாங்கினேன். லேத்தில் கொடுத்துப் பித்தளைக் குழாயில் உடலும் கடைந்தாயிற்று. தலைக்கு வலையும் உள்ளே வைக்க ஃபோமும்தான் பாக்கி. சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் கேட்டேன். “மைக்குக்குன்னே வர்ற மால் தம்பி. சுத்தப் பித்தளை, 40 மெஷ். ஃபோமும் அக்கூஸ்டிக் ஃபோம்” என்றார் கடைக்காரர். நம்பி வாங்கினேன்.

வலையை வளையத்தில் சால்டர் செய்யப் பார்த்தேன். ஈயம் பிடிக்காமல் உருண்டு ஓடியது. சரி என்று ஸ்க்ரூ போட்டு இறுக்கினேன். ஆன் செய்ததும் ஒரே ஹம், ‘உம்ம்’ என்ற கரண்ட் இரைச்சல். தலையைக் கையால் தொட்டால் இன்னும் கூடியது. கேபிளை மாற்றினேன், ப்ரீஆம்ப்பை (மைக் சிக்னலைப் பெருக்கும் கருவி) மாற்றினேன், இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அதிலேயே கழிந்தன. கடைசியில் மல்டிமீட்டரின் ஒரு முனையை உடலிலும் மறுமுனையை வலையிலும் வைத்தேன். பீப் வரவில்லை, அதாவது இரண்டுக்கும் மின் தொடர்பே இல்லை. பிளேடால் ஒரு கம்பியைச் சுரண்டினால் மஞ்சள் உரிந்து உள்ளே சாம்பல் நிறம். ஃப்ரிட்ஜ் காந்தம் டக்கென்று ஒட்டிக்கொண்டது. பித்தளையில் காந்தம் ஒட்டவே ஒட்டாது.

கேப்சூலிலிருந்து எஃப்இடி (அதன் சிக்னலை முதலில் வாங்கும் டிரான்சிஸ்டர்) வரைக்கும் இம்பிடன்ஸ், அதாவது மின்மறுப்பு, மிக அதிகம். சுற்றிலும் இருக்கிற 50 ஹெர்ட்ஸ் கரண்ட் இரைச்சலை அந்த இடம் அப்படியே இழுத்துக்கொள்ளும். வலை கிரவுண்டோடு சேர்ந்திருந்தால்தான் அது கவசம். பெயிண்ட் பூசிய வலை சேராது.

ஃபோம் செய்தது இதைவிட மோசம். கேப்சூலுக்குப் பின்னால் வைக்கச் சொல்லித் தந்த தடித்த ஃபோம், டிவி பெட்டிக்குள் வருமே, அந்த பேக்கிங் ஜாதி. ஒவ்வொரு அறையும் மூடியிருக்கும், காற்று போகாது. கார்டியாய்டு வகைக் கேப்சூல் முன்பக்க ஒலியை முக்கியமாக வாங்குவதே, பின்பக்கத் துளைகளுக்கும் ஒலி போய்ச் சேருவதால்தான். அதை அடைத்துவிட்டால் நாலா பக்கமும் கேட்கும். சித்தப்பா குரலோடு ஃபேன் சத்தம், தெருவில் போகிற ஆட்டோ, எல்லாம் பதிவில் ஏறியிருந்தன.

கடைக்குப் போய் வலையைக் காட்டினேன். “வெட்டின மாலுக்கு ரிட்டர்ன் கிடையாது தம்பி. பித்தளைக் கலர்னுதான் சொன்னேன்” என்றார். பில்லை எடுத்துப் பார்த்தால் ‘மெஷ் 1, ஃபோம் 2’ என்று மட்டும் இருந்தது. அதனால், என்ன உலோகம் என்று பில்லில் எழுதித் தராத கடையில் வாங்காதீர்கள். கையில் ஒரு காந்தமும் மீட்டரும் கொண்டுபோங்கள். ஃபோமை வாயருகே வைத்து ஊதுங்கள். மறுபக்கம் உள்ளங்கையில் காற்று படவில்லை என்றால் அது மைக்குக்கு ஆகாது.

‘40 மெஷ்’ என்ற எண்ணிலும் மயங்க வேண்டாம். ஓர் அங்குலத்தில் 40 கண்கள் என்பது மட்டும்தான் அதற்கு அர்த்தம். கம்பி 0.25 மில்லிமீட்டர் தடிமன் என்றால் ஒலி புகத் திறந்திருக்கும் பரப்பு 37 சதவீதம்தான். 16 மெஷ்ஷில் 0.4 மில்லிமீட்டர் கம்பி என்றால் 56 சதவீதம். வெளியே இப்படிப் பெரிய கண் வலை பலத்துக்கு, உள்ளே மெல்லிய கம்பியில் நெருக்கமான வலை ஒன்று: நல்ல மைக்குகள் பலவற்றில் இப்படித்தான் இருக்கும். நெருக்கமாக இருந்தால் எல்லாம் நல்லது என்று கடையில் சொல்வதை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இப்போது தலையில் இருப்பது பாத்திரக்கடையில் வாங்கிய எவர்சில்வர் டீ வடிகட்டி. எவர்சில்வரிலும் சாதாரண ஃப்ளக்ஸில் சால்டர் பிடிக்காது, ஆனால் பூச்சு இல்லாததால் ஸ்க்ரூவில் இறுக்கியதுமே மீட்டர் பீப் அடித்தது. ஹம் அடங்கிவிட்டது. ஃபோம், மீன்தொட்டிக் கடையில் விற்கிற ஃபில்டர் ஃபோம். ஊதினால் காற்று தாராளமாகப் போகிறது. கேப்சூலைத் தொடாமல் இடைவெளி விட்டு வடிகட்டியின் உட்புறம் ஒட்டியிருக்கிறேன்.

கேப்சூலைத்தான் காப்பாற்ற முடியவில்லை. அவர் தந்த இரண்டாவது ஃபோம், வலைக்குள் வைக்கிற மெல்லியது, பழைய பாலியூரித்தேன். ஈரக்காற்றில் அது நாளாக ஆக இற்றுப் பிசுபிசுக்கும். ஒரு மழைக்காலம் முடிந்து தலையைத் திறந்தபோது தொட்ட விரலில் கறுப்பாக ஒட்டியது, தூள் தூளாகக் கொட்டியது. அந்தத் தூள், கேப்சூலில் ஒலிக்கு அதிரும் டயாஃப்ரம் மேல் படிந்துவிட்டது. சில மைக்ரான் தடிமன் உள்ள படலம் அது. துடைத்தாலும் போச்சு, ஊதினாலும் எச்சில் தெறிக்கும். அந்தக் கேப்சூலில் இப்போது சரசரவென்று சத்தம் வருகிறது. புதிதாக ஒன்று வாங்கிப் போட்டு, போன வாரம்தான் சித்தப்பாவின் முதல் பதிகத்தைப் பதிந்தேன்.