மயிலாப்பூர் ஸ்டூடியோ வீடு: இரண்டு வருடமும் ஒரு சிம்னியும்

எங்கள் கட்டடத்தில் ஒரு ஸ்டூடியோ காலியாகிறதாம், எடுக்கலாமா என்று நண்பன் கேட்டான். நல்ல நேரம் பார்த்துத்தான் கேட்டான். அன்று மதியம்தான் சிம்னி ரிப்பேர்காரர் வந்துவிட்டுப் போயிருந்தார்.

நான் இருப்பதும் அதே மாதிரி ஸ்டூடியோதான். 430 சதுர அடி, வடக்கு மாட வீதியிலிருந்து இரண்டு நிமிட நடை. லிஃப்ட், ஜெனரேட்டர், மர வேலை, குளியலறைக் கண்ணாடி எல்லாம் விளம்பரத்தில் பார்த்தபடியே இருக்கின்றன. என் வழக்கு முழுக்க அடுப்போடுதான்.

ஸ்டூடியோ என்றால் ஒரே அறை. கட்டிலுக்கும் அடுப்புக்கும் ஒன்பது அடி. கோபத்தில் ஒருநாள் டேப் வைத்து அளந்தேன். நடுவில் சுவரும் இல்லை, கதவும் இல்லை. இதை வரைந்தவர் வீட்டில் யாரும் காய்ந்த எண்ணெயில் மிளகாய் கிள்ளிப் போட்டதில்லை போல. ரசத்துக்குத் தாளித்தால் தலையணை உறையில் பெருங்காயம் மணக்கும். பால்கனிக் கதவைத் திறந்துவைத்தால் கொசு. மோர்மிளகாய் வறுத்த அன்று இருமிக்கொண்டே வெளியே ஓடிவந்து நின்றேன். எதிர்வீட்டு மாமி கதவைத் திறந்து, "மோர்மிளகாயாப்பா? ரெண்டு கொடேன்" என்றார்.

சிம்னி இல்லையா என்பீர்கள். இருக்கிறது. மணிக்கு 1200 கனமீட்டர் உறிஞ்சும் என்று நெற்றியில் ஸ்டிக்கரோடு இருக்கிறது. ஃபில்டரைக் கழற்றி வெந்நீரில் சோடா உப்புப் போட்டு ஊறவைப்பேன், எண்ணெய்க் கிண்ணத்தைக் கழுவுவேன், பலன் ஒன்றும் இராது. போன வாரம் அது நின்றே போனது. வந்தவர் கெபாசிட்டரை மாற்றினார், ஓடியது. அதோடு போயிருக்கலாம். குழாய் போகும் பக்கம் நிமிர்ந்து பார்த்துவிட்டு, ஃபால்ஸ் சீலிங்கில் ஒரு பலகையைத் தள்ளினார். ஆறு அங்குல அலுமினியக் குழாய் இரண்டடி தூரம் போய், அங்கேயே வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தது. சுவரில் துளையே போடவில்லை! கையை உள்ளே விட்டவர் விரல் நிறையப் பழுப்புப் பிசுக்கோடு எடுத்துக் காட்டினார். "சார், ரெண்டு வருஷத்து சாம்பார் இங்கதான் சார் இருக்கு."

கட்டியவர்களிடம் கேட்டால் துளை போட்டால் முகப்பு அழகு கெடுமாம். அதே முகப்பில் வரிசையாக ஏசி பெட்டிகள் தொங்குகின்றன, அது கெடாதாம்.

சரி, நியாயமாகவும் பேச வேண்டும். மெட்ரோ வேலையால் லஸ் பக்கம் போக்குவரத்து படுத்தும் பாடு தனிக்கதை, ஆனால் எனக்கு எல்லாமே நடக்கிற தூரம். காலையில் இறங்கினால் குளக்கரை, பூ, கீரை, காபிக்கொட்டை வறுக்கும் வாசனை. நவராத்திரிக்கு முன்னால் வீதியோரம் கொலு பொம்மைகளாக இருக்கும். கபாலீஸ்வரர் கோயில் பங்குனித் திருவிழாவின் ஏழாம் நாள், இரண்டு கட்டடங்களின் இடைவெளியில் தேர் உச்சி மட்டும் ஆடி ஆடிக் கடப்பது என் பால்கனியிலிருந்து தெரியும். அரை நிமிடம்கூட இருக்காது, அதற்காக லீவு போடுவேன். மறுநாள் அறுபத்து மூவர் உலா. வண்டி எதுவும் உள்ளே வராது, நண்பர்கள் பதினாலு பேர் கட்டில் மேலெல்லாம் உட்கார்ந்திருப்பார்கள். அன்று அடுப்பே பற்றவைக்க வேண்டாம். தெருவெல்லாம் யாராவது தொன்னையில் புளியோதரையோ டம்ளரில் நீர்மோரோ நீட்டிக்கொண்டே இருப்பார்கள். வருடத்தில் அந்த ஒருநாள் இந்த வீட்டுக்குப் பத்துக்குப் பத்து மார்க்.

நண்பனிடம் எடுக்காதே என்று சொல்லிவிட்டேன். சமைக்கிறவனுக்கு இது வீடே இல்லை, இந்த வாடகைக்கு மந்தைவெளியில் தனிச் சமையலறையோடு பழைய வீடே பார்க்கலாம் என்றேன்.

"அப்ப நீ காலி பண்றியா?"

முந்தாநாள்தான் இன்னும் பதினோரு மாதத்துக்குக் கையெழுத்துப் போட்டிருந்தேன். கூடவே ஒரு இண்டக்‌ஷன் அடுப்பும், அடி தட்டையான சின்ன வாணலியும் வாங்கிவிட்டேன். இப்போது தாளிப்பெல்லாம் பால்கனியில்தான். கடுகு வெடிக்கும்போது கீழே வாட்ச்மேன் நிமிர்ந்து பார்க்கிறார்.