தாத்தாவின் மனுவைக் காப்பாற்றித் தந்த சிங்கப்பூர் தேக்கா படச் சட்டக் கடை

அம்மாவின் டிரங்குப் பெட்டியில் கிடைத்தது அந்தத் தாள். பென்சில் எழுத்து, நான்காய் மடித்தது, ஓரமெல்லாம் ராமபாணப் பூச்சி அரித்திருந்தது. 1943 ஜூலை 5 அன்று சிங்கப்பூர் பாடாங் திடலில் நேதாஜியின் பேச்சைக் கேட்டுவிட்டு இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர் தாத்தா. மலாயாவின் ஜொகூரில் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர், அப்போதே 46 வயது. மறு வருடம் எழுதிய மனு இது: "இருமினால் ரத்தம் வருகிறது. அணிவகுப்பில் நிற்க முடியவில்லை. கருணை கூர்ந்து என்னை வீட்டுக்கு அனுப்புங்கள். மனசு படையில்தான் இருக்கும்."

இரண்டு கடைகளில் லேமினேட் செய்யச் சொன்னார்கள். தேக்கா சந்தையின் பின்புறமுள்ள இந்தக் கடைத் தம்பி மட்டும், "வேண்டாம்கா, சூடு பட்டா பழைய தாள் கெட்டுடும், அப்புறம் பிரிக்கவும் முடியாது" என்றார். கையுறை போட்டு மடிப்பை நீவினார். அமிலமில்லாத அட்டை, வெயில் தடுக்கும் கண்ணாடி, தாள் கண்ணாடியில் ஒட்டாதபடி நடுவில் இடைவெளி. பசை ஒரு சொட்டுகூட இல்லை, மூலைகளைச் செருகி நிறுத்தியிருக்கிறார். 140 சிங்கப்பூர் வெள்ளி. பத்து நாள் என்றது மூன்று வாரமானது. அந்த நாட்களில் எனக்குத் தூக்கமே இல்லை, ஒரு போன் செய்திருக்கலாம்.

வாங்கப் போனபோது தம்பி மனுவை வாய்விட்டுப் படித்துக் காட்டினார். "ரத்தம்" என்ற இடத்தில் பென்சில் அழுந்தியிருப்பதை அவர்தான் எனக்குக் காட்டினார்.