குளுவாங்கில் நைட்ராக்ஸ் நிரப்பும் கடை: தியோமான் போகிறவர்கள் கவனிக்க

தியோமான் தீவுக்கு முக்குளிக்கப் போகிறவர்கள் நைட்ராக்ஸ் (சாதாரணக் காற்றைவிட ஆக்ஸிஜன் கூடிய சுவாசக் கலவை) டேங்கியை, படகு ஏறுகிற மெர்சிங் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல் குளுவாங்கிலேயே நிரப்பிக்கொண்டு போங்கள். கடைக்குப் போர்டு கிடையாது. கஹாங் போகும் ரோட்டில் செம்பனைத் தோட்டம் ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு லோரி டயர் கடை இருக்கிறது, அங்கே கேட்டால் பின்பக்கம் கையைக் காட்டுவார்கள். தகரக் கொட்டகைதான், பார்த்தால் திரும்பிப் போய்விடத் தோன்றும், போய்விடாதீர்கள்.

நடத்துகிற அண்ணன் பழைய ஆலை ஃபிட்டர். கலக்கும் முறை எளிது: கம்ப்ரஸர் காற்றை இழுக்கிற குழாயிலேயே ஆக்ஸிஜனை மெதுவாக விட்டுக் கலந்து, அந்தக் கலவையைக் கம்ப்ரஸர் அழுத்தி டேங்கியில் ஏற்றுகிறது. ஆக்ஸிஜன் 40 சதவீதத்துக்கு மேல் போகவே மாட்டார், கம்ப்ரஸரின் சூடான எண்ணெயும் ஆக்ஸிஜனும் சேர்ந்தால் தீப்பிடிக்கும் என்று அவருக்குத் தெரியும். குழாயில் ஒரு அனலைசர் (ஆக்ஸிஜன் சதவீதத்தை அளக்கிற கருவி) எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும், நிரப்பி முடித்த டேங்கியை அளக்கக் கையில் இன்னொன்று. எதற்கு இரண்டு என்று கேட்டேன். குழாயில் தெரிவது இந்த நிமிடத்துக் கலவை, ஃபில்டருக்குள் இன்னும் பழைய கலவை நிற்கும், அதனால் குழாய் எண்ணை நம்பி லேபிள் ஒட்ட முடியாது தம்பி என்றார். அதோடு குழாயில் வருவது ஈரக்காற்று, கம்ப்ரஸர் அந்தத் தண்ணீரைப் பிரித்துத் தள்ளிவிடும், ஆகவே குழாயில் 31 காட்டினால் டேங்கியில் 32 பக்கம் வந்து நிற்கும். இரண்டையும் நோட்டில் எழுதுகிறார். அவர் எதிர்பார்த்ததற்கும் டேங்கி காட்டுவதற்கும் ஒரு சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் டேங்கி வெளியே போகாது.

எனக்கு இந்தக் கடை பிடித்துப்போனது இந்த ஈரக்காற்று விஷயத்தில்தான். நான் பார்த்த பல இடங்களில் அனலைசரை வாசலில் நீட்டிப் பிடித்து, உலர்ந்த காற்றில் இருக்கிற ஆக்ஸிஜன் அளவான 20.9 என்று குமிழைத் திருகிவிட்டு வேலையைத் தொடங்குவார்கள். நம் ஊர் வெயிலுக்கு அது சரிப்படாது. 30 டிகிரி சூடு, 80 சதவீத ஈரப்பதம் என்றால் காற்றில் மூன்று சதவீதத்துக்கு மேல் நீராவி, ஆக்ஸிஜன் 20.2 பக்கம்தான் இருக்கும். அதைப் போய் 20.9 என்று செட் பண்ணினால், டேங்கியில் இருக்கிற உலர்ந்த 32 கலவை 33 என்று தெரியும். ஆழ வரம்பைப் பொறுத்தவரை இது பெரிய ஆபத்தில்லை, ஆக்ஸிஜன் கூடக் கூடப் போகக்கூடிய ஆழம் குறையும், ஆகவே கூடக் காட்டினால் நாம் மேலேதான் நிற்போம். ஆனால் அந்த 33-ஐ டைவ் கம்ப்யூட்டரில் (எவ்வளவு நேரம் கீழே இருக்கலாம் என்று கணக்கிடும் கருவி) போட்டால், மேலே வரும்போது உடம்பில் குமிழியாகித் தொல்லை தருகிற நைட்ரஜனை அது குறைத்துக் கணக்குப் போடும், அப்புறம் தினமும் மூன்று நான்கு முறை இறங்குகிறவர்களுக்கு அது சும்மா விடுகிற விஷயமா என்ன? இங்கே சாதாரணக் காற்று நிரப்பிய டேங்கி ஒன்றைத் தனியாக வைத்திருக்கிறார். அந்த உலர்ந்த காற்றை நிமிடத்துக்கு ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர் வேகத்தில் விட்டுத்தான் செட் பண்ணுகிறார். வால்வை அவசரமாகத் திறந்தால் சென்சர் மேல் அழுத்தம் ஏறி எண்ணும் கூடவே ஏறும், அதற்கும் திட்டு விழும்.

சென்சர் மேல் மார்க்கரில் வாங்கிய மாதம் எழுதியிருக்கிறது. இந்த வகை சென்சர் தானாகவே மின்சாரம் உண்டாக்குவது, உள்ளே இருக்கிற ஈயம் கரையக் கரைய ஆயுள் குறையும், பெட்டியில் பூட்டி வைத்தாலும் குறையும். கிழடான சென்சர் காற்றில் ஒழுங்காகக் காட்டும், ஆக்ஸிஜன் கூடும்போது மேலே ஏற முடியாமல் நின்றுவிடும், அப்போது 40 இருக்கிற டேங்கியை 36 என்று சொல்லிவிடலாம். இதுதான் ஆளைக் கொல்லும் தப்பு. அதனால் அவ்வப்போது சுத்த ஆக்ஸிஜனைக் காட்டி மல்டிமீட்டரில் பார்க்கிறார்: காற்றில் 10 மில்லிவோல்ட் என்றால் அதில் 48 பக்கம் வர வேண்டும், வராவிட்டால் குப்பைக்கு.

டேங்கியை நீங்களே அளக்க வேண்டும், அவர் அளந்ததைப் பார்த்துத் தலையாட்டினால் போதாது. அளந்த எண், போகக்கூடிய ஆழம், தேதி, உங்கள் கையெழுத்து எல்லாம் டேப்பில் எழுதி ஒட்டிய பிறகுதான் டேங்கி காடியில் ஏறும். ஆழத்தில் ஆக்ஸிஜனின் அழுத்தம் மட்டும் 1.4 பாரைத் தாண்டக்கூடாது என்ற கணக்கில் 32-க்கு 33 மீட்டர், 36-க்கு 28 மீட்டர். முன்பு ஒரு தீவில் (கடை பேர் வேண்டாம்) 32 என்று லேபிள் ஒட்டிக் கொடுத்த டேங்கி என் கையில் 36 காட்டியது, அதை எடுத்துக்கொண்டு 33 மீட்டர் போயிருந்தால் 1.55 பார். ஆக்ஸிஜன் அழுத்தம் மிஞ்சினால் வலிப்பு வரலாம், தண்ணீருக்குள் அது வந்தால் முன்கூட்டி எச்சரிக்கை எதுவும் கிடைக்கும் என்று நம்ப முடியாது. கேட்டதற்கு, எல்லாரும் அதில்தானே போகிறார்கள் என்று பதில்.

குறையும் இருக்கிறது. பக்கத்திலேயே லோரிகள் இஞ்சினை ஓடவிட்டு நிற்கின்றன. காற்று இழுக்கும் குழாயைக் கூரைக்கு மேல் கொண்டுபோயிருக்கிறார், சரி, ஆனால் கார்பன் மோனாக்சைடு மீட்டர் ஒன்று இல்லை. ஆக்ஸிஜன் அனலைசருக்கு அந்த விஷம் கண்ணிலேயே படாது. கேட்டால் வாங்கணும் வாங்கணும் என்கிறார், வாங்குங்கள் அண்ணே. இன்னொன்று, உட்கார நாற்காலி கிடையாது, கொட்டகைக்குள் அனல். நான் டேங்கியைக் கொடுத்துவிட்டு டவுனுக்குத் திரும்பி ரயில் நிலையக் கோப்பிக் கடையில் பசியாறிவிட்டு வருவேன், அதற்குள் டேங்கியும் சூடு தணிந்திருக்கும். சூடாக இருக்கும்போது 200 பார் காட்டுவது ஆறினால் இறங்கிவிடும், குறைந்தால் திரும்ப ஏற்றித் தருகிறார், ஏற்றிய பிறகு மறுபடி அளக்கச் சொல்வார்.

ஹீலியம் இல்லை. 1941-ல் குவாந்தான் பக்கம் மூழ்கிய போர்க்கப்பல்கள் மாதிரி ஆழத்துக்கு ட்ரைமிக்ஸ் (ஹீலியமும் சேர்த்த கலவை) தேடுகிறவர்கள் வேறு இடம் பார்க்கவும், அதற்கு ஹீலியத்தையும் அளக்கிற கருவி வேண்டும், இவரிடம் அது கிடையாது.

விலை சாதாரணக் காற்றைவிடக் கூடத்தான், ஆக்ஸிஜன் சிலிண்டர் விலைக்குத் தகுந்த மாதிரி மாறும், ரொக்கம் மட்டும். ஞாயிறு மூடியிருக்கும், தைப்பூச வாரம் முழுக்கவே ஆளைப் பிடிக்க முடியாது. ஹைட்ரோ சோதனைத் (டேங்கி அழுத்தம் தாங்குமா என்று தண்ணீர் நிரப்பிப் பார்ப்பது) தேதி தாண்டிய டேங்கியைத் தொடமாட்டார், கெஞ்சிப் பிரயோஜனமில்லை. நைட்ராக்ஸ் பயிற்சி முடித்ததற்கான கார்டு கேட்பார், மறக்காமல் எடுத்துப் போங்கள்.