தங்கச் சுரங்க ஃபண்ட்: 2011இல் வாங்கியவனின் கணக்கு

2011 செப்டம்பரில் பெங்களூரு அல்சூரில் ஓர் ஏஜென்ட் இதை என் தலையில் கட்டினார். வெளிநாட்டுத் தங்கச் சுரங்கக் கம்பெனிகளின் பங்குகளில் பணம் போடும் மியூச்சுவல் ஃபண்ட். "தங்கம் ஒரு மடங்கு ஏறினா இது ரெண்டு மடங்கு ஏறும் சார்" என்றார். தங்கம் அவுன்ஸ் 1,900 டாலரைத் தொட்டிருந்த சமயம். ஒரு லட்சம் போட்டேன். அதே வாரம் என் மனைவி சிக்பேட்டையில் தங்கக் காசு வாங்கினாள்.

2015 கடைசியில் என் லட்சம் நாற்பதாயிரத்துச் சொச்சம் ஆகியிருந்தது. தங்கத்தின் டாலர் விலை இறங்கினாலும், ரூபாயும் சேர்ந்து சரிந்ததால் அவள் காசுக்குப் பெரிய அடி இல்லை.

தங்கம் இறங்கிவிட்டது, அதனால்தான் என்றார் ஏஜென்ட். பாதிதான் உண்மை. ஃபண்டின் மாத அறிக்கையில் இருந்த கம்பெனிகளைப் பற்றி அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். கனடாவின் பாரிக், தங்கம் உச்சியில் இருந்த அதே 2011இல், சுமார் 730 கோடி கனடா டாலருக்கு எக்வினாக்ஸ் என்ற கம்பெனியை வாங்கியது. அது தாமிரக் கம்பெனி! ஜாம்பியாவில் லும்வானா என்ற சுரங்கம். பெரும்பகுதி கடன் வாங்கிக் கொடுத்த பணம். இரண்டு வருடத்துக்குள் அதில் பல நூறு கோடி டாலரை நஷ்டமாக எழுதினார்கள். சிலி–அர்ஜென்டினா எல்லையில் பாஸ்குவா லாமா சுரங்கம் வேறு, அங்குள்ள பனிப்பாறைகள் கெடுகின்றன என்ற வழக்கில் சிக்கி 2013இல் நின்றது. 2014 முடிவில் கடன் 1,300 கோடி டாலர். அதை அடைக்க ஆஸ்திரேலியாவில் கவுல் சுரங்கத்தையும், பாப்புவா நியூகினியில் தங்கள் போர்கெரா பங்கில் பாதியையும் விற்றார்கள். விலை ஏறும்போது வாங்கி, இறங்கும்போது விற்பது. நம் தெருவில் யாராவது இப்படிச் செய்தால் என்ன சொல்வோம்?

கின்ராஸ் என்ற இன்னொரு கனடா தங்கக் கம்பெனியின் கதையும் அதே மாதிரிதான்: 2010இல் ரெட் பேக் என்ற கம்பெனியை வாங்கியது, 710 கோடி டாலர், பிறகு நஷ்டக் கணக்கு.

எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். நான் கேஜிஎஃப்காரன், கோலார் தங்கவயல். அப்பா அங்கே சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இறங்கியவர். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கத்தைப் பூட்டியபோது தங்கம் தீர்ந்துபோயிருக்கவில்லை. எடுக்கும் செலவுக்கு விலை கட்டவில்லை, அவ்வளவுதான். அந்த வீட்டில் வளர்ந்துவிட்டு, சுரங்கமும் தங்கமும் ஒன்று என்று நம்பிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

சேவை பற்றி: பணம் எடுக்க ஆறு வேலை நாள் ஆனது, பரவாயில்லை. செலவு இரண்டு அடுக்கு. இங்கே உள்ள ஃபண்டும் எடுக்கும், அது பணம் போடும் வெளிநாட்டு ஃபண்டும் எடுக்கும். இதை ஏஜென்ட் வாய் திறந்து சொல்லவே இல்லை. 2022இல் மியூச்சுவல் ஃபண்டுகளுக்கான வெளிநாட்டு முதலீட்டு வரம்பு முட்டியதும் புதுப் பணம் வாங்குவதையும் நிறுத்தினார்கள். ஐந்துக்கு இரண்டு கொடுப்பேன்.

போட்ட பணம் கண்ணில் பட 2020 ஆகஸ்ட் ஆனது. பாதியை எடுத்துவிட்டேன். அன்று மனைவியின் காசு கிட்டத்தட்ட இரட்டிப்பு. இப்போது நாலு மடங்குக்கு மேல். என்னிடம் மீதியிருக்கும் யூனிட்டுகள் இரண்டு மடங்குதான்.

தங்கம் 4,000 டாலரைத் தாண்டியதும் அதே ஏஜென்ட் போன் செய்தார். "கம்பெனிங்க எல்லாம் கடனைக் குறைச்சுட்டாங்க சார், கையில காசு நிக்குது" என்றார். அந்தக் காசில் அடுத்து எந்தக் கம்பெனியை வாங்கப் போகிறார்கள் என்று கேட்டேன். விசாரித்துச் சொல்கிறேன் என்று வைத்தார். மூன்று வாரம் ஆகிறது.