பாம்பன் ஜெராக்ஸ் கடைக்கு எந்தப் பெட்டி: பழசா, ஆபீஸ் கழித்ததா, புதுசா?

பாம்பனில் என் மச்சான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். பெயர்தான் ஜெராக்ஸ் கடை, வருமானம் எல்லாம் பாஸ்போர்ட் போட்டோ, ஆன்லைன் விண்ணப்பம், ஸ்கேன், ரிசல்ட் வரும் நாளில் மார்க் ஷீட் பிரிண்ட் என்று கம்ப்யூட்டரில்தான். அந்தக் கம்ப்யூட்டர் 2014-ல் வாங்கியது: நாலாம் தலைமுறை ஐ3, எச்81 மதர்போர்டு, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட்டிஸ்க். காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டு எதிர்க் கடையில் டீ குடித்து வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். "இதுலயே எதையாவது சொருகி ஓட்ட முடியாதா மாப்ள? கையில முப்பதாயிரம்தான் இருக்கு, தடைக்காலம் வர்றதுக்குள்ள முடிக்கணும்" என்றார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடை, விசைப்படகு கடலுக்குப் போகாது, ஊரில் காசு புழங்காது, அப்புறம் கம்ப்யூட்டர் பேச்சையே எடுக்க முடியாது.

முப்பதாயிரத்துக்கு மூன்று வழி தெரிந்தது. பழைய பெட்டிக்கே உயிர் கொடுப்பது, கம்பெனிகள் கழித்துவிட்ட எட்டாம் தலைமுறை ஆபீஸ் பெட்டியை செகண்ட் ஹேண்டில் வாங்குவது, போர்டு முதல் புதிதாக அசெம்பிள் செய்வது.

பழசிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மச்சான் மனசு அங்கேதான் இருந்தது. எச்81 போர்டில் ராம் போட இரண்டே இடம், மொத்தம் 16 ஜிபி வரை ஏற்கும். பழைய டிடிஆர்3 ராம் செகண்ட் ஹேண்டில் மலிவு. ஹார்ட்டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ஒரு சாட்டா எஸ்எஸ்டி (சுற்றும் தட்டு இல்லாத, சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) போட்டால் போதும், ஆள் மாறியது போல ஓடும். ஹார்ட்டிஸ்க் நொடிக்கு 100, 150 எம்பி படிப்பதே பெரிது, சாட்டா எஸ்எஸ்டி 500-ஐத் தாண்டும், அதைவிட முக்கியம் சின்னச் சின்ன ஃபைல்களைத் தேடி எடுக்கும் வேகம், அங்கே இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஐ3-ஐ எடுத்துவிட்டு அதே சாக்கெட்டில் நாலு கோர் (ஒரே சிப்பில் நாலு மூளை மாதிரி) உள்ள ஐ5-4570 போடலாம். எல்லாம் சேர்த்தாலும் பட்ஜெட்டில் கால்வாசி தாண்டாது.

சரி, பிறகு ஏன் வேண்டாம் என்கிறேன்? விண்டோஸ் 10-க்கான சாதாரண ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற வேண்டுமானால் இன்டெலில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். குறுக்கு வழியில் ஏற்றலாம், நானே என் வீட்டில் ஏற்றியிருக்கிறேன். ஆனால் ஊரார் ஆதாரும் பேங்க் பாஸ்புக்கும் ஸ்கேன் ஆகிற கம்ப்யூட்டரில் அடுத்த அப்டேட் வருமா வராதா என்று காத்திருக்க எனக்குத் துணிவில்லை. லினக்ஸ் போடலாமே என்பீர்கள். போடலாம், போட்டோஷாப்பும் ரேகை வைக்கும் கருவியின் டிரைவரும் இல்லாத கடையாக இருந்தால்.

வீட்டில் பாட்டுக் கேட்க, பிள்ளைகள் படிக்க என்றால் இந்த வழியேதான். கண்ணை மூடிக்கொண்டு எஸ்எஸ்டி வாங்குங்கள்.

இரண்டாவது வழி ஆபீஸ் பெட்டி. ஐடி கம்பெனிகள் சில வருஷம் ஓட்டிவிட்டு மொத்தமாகக் கழிக்கும் பெட்டிகள் மதுரையிலும் சென்னை ரிச்சி தெருவிலும் தாராளமாகக் கிடைக்கின்றன. ஐ5-8500 உள்ளதைத் தேடுங்கள், ஆறு கோர், டிடிஆர்4, விண்டோஸ் 11 எந்தத் தில்லுமுல்லும் இல்லாமல் ஏறும். காசுக்கு வேகம் என்று பார்த்தால் மூன்றில் இதுதான் முதல். மதுரையில் நான் கேட்ட விலைக்கு எஸ்எஸ்டி, 16 ஜிபி ராம் எல்லாம் போட்டுமே மச்சான் கையில் பத்தாயிரத்துக்கு மேல் மிஞ்சியிருக்கும்.

ஆனால் இதே மாதிரி ஒரு பெட்டியை மண்டபத்தில் என் அண்ணன் வீட்டுக்கு வாங்கிக் கொடுத்து நான் பட்ட பாடு இருக்கிறது. ஒன்பதாவது மாதம் எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குள் மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் டப்பா) போனது. கடைக்குப் போய் வேறொன்று வாங்கி மாட்டலாம் என்று திறந்தால், போர்டில் நாம் எல்லோரும் அறிந்த 24 பின் சாக்கெட்டே இல்லை, அந்தக் கம்பெனிக்கென்று தனிப் பின், தனி அளவுப் பெட்டி. ராமநாதபுரத்தில் கேட்டேன், இல்லை. ஆன்லைனில் ஆர்டர் போட்டு, முதலில் வந்தது தப்பு மாடல், திருப்பி அனுப்பி, இரண்டாவது வந்து சேர மூன்று வாரம். வீடு என்பதால் பொறுத்தோம். ஜெராக்ஸ் கடை மூன்று வாரம் மூடிக் கிடக்க முடியுமா?

அது தற்செயல் என்று நினைத்துவிடாதீர்கள். இந்தக் கரையில் முதலில் சாவது எஸ்எம்பிஎஸ்தான். காரணம் காற்று. நம் பக்கம் பாக் விரிகுடா ஒரு புறம், மன்னார் வளைகுடா மறு புறம், கச்சான் அடித்தாலும் வாடை அடித்தாலும் உப்பு வந்துகொண்டே இருக்கும். எஸ்எம்பிஎஸ் ஃபேன் அதை இழுத்து உள்ளே படியவைக்கும். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்புத்தூள் தானே நீரை உறிஞ்சிக் கரைந்துவிடும், கரைந்த உப்புநீர் மின்சாரம் கடத்தும், செம்பைத் தின்னும். 1914-ல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தில் துருப்பிரச்சினையால் 2022 டிசம்பரோடு ரயிலையே நிறுத்தினார்கள். அத்தனை தடிமன் இரும்புக்கே அந்தக் கதி, போர்டில் நூல் போல மெல்லிசாக ஓடுகிற செம்புக் கோடு எம்மாத்திரம். ராம் காலில் பச்சை பூத்து, கம்ப்யூட்டர் கீங் கீங் என்று கத்துவதை இங்கே எல்லோரும் பார்த்திருப்பீர்கள், ரப்பர் வைத்துத் தேய்த்து மாட்டினால் மறுபடி ஓடும். எஸ்எம்பிஎஸ்ஸுக்கு அந்த வைத்தியம் கிடையாது.

ஆபீஸ் பெட்டிதான் வேண்டும் என்பவர்கள் ஒல்லிப் பெட்டியை விட்டுவிட்டு டவர் அளவு பாருங்கள், வாங்கும்போதே அதே மாடலுக்கு இன்னொரு எஸ்எம்பிஎஸ் சேர்த்து வாங்கி எண்ணெய்க் காகிதம் சுற்றி பீரோவில் வையுங்கள். மச்சானிடம் இதையும் சொன்னேன். "புதுசு வாங்கும்போதே சாவுக்குத் துணி எடுத்து வைக்கணுமா மாப்ள" என்று சிரித்துவிட்டார்.

ஆக, புதுசு. இதில் நிஜமான போட்டி இரண்டு பேருக்குள்: இன்டெல் ஐ3-12100, ஏஎம்டி ரைசன் 5 5600ஜி. இரண்டுக்கும் உள்ளேயே கிராபிக்ஸ் உண்டு, தனிக் கார்டு வேண்டாம். (பெயரின் கடைசி எழுத்தைப் பார்த்து வாங்குங்கள். 12100எஃப், அப்புறம் ஜி இல்லாத வெறும் 5600, இரண்டிலும் படம் வராது. நூறு இருநூறு குறைவு என்று வாங்கிவிட்டுக் கறுப்புத் திரையைப் பார்த்து உட்கார்ந்தவர்களை எனக்குத் தெரியும்.)

காகிதத்தில் 5600ஜி பெரிய ஆள், ஆறு கோர், பன்னிரண்டு திரெட் (ஒரே நேரத்தில் ஓட்டும் வேலை வரிசை), அதன் உள்ளேயே இருக்கும் வேகா கிராபிக்ஸ் விளையாட்டுக்கு இன்டெலை நன்றாகவே முந்தும். 12100-க்கு நாலு கோர், எட்டு திரெட். ஆனால் ஒற்றைக் கோர் வேகத்தில் 12100 முன்னே நிற்கும், போட்டோஷாப்பில் ஒரு முகத்தை வெட்டி வெள்ளைப் பின்னணி வைக்கிற வேலைக்கு அந்த வேகம்தான் தெரியும். யூடியூபில் இப்போது நிறைய ஓடும், ஏவி1 என்ற முறையில் சுருக்கிய வீடியோவை 12100-இன் கிராபிக்ஸ் தானே பிரிக்கும், 5600ஜி-யில் அந்தச் சுமை பிராசசர் தலையில் விழும்.

இதெல்லாம் ஒரு பக்கம். எனக்கு முடிவைச் சொன்னது ராம் விலை. 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறிய ஏற்றத்தில், 8 ஜிபி குச்சி இரண்டு வாங்க நினைத்த இடத்தில் இப்போதைக்கு ஒன்றுதான் கட்டுப்படியாகும் என்று ஆகிவிட்டது. பழைய டிடிஆர்3 குச்சியைப் புதுப் போர்டில் போடவே முடியாது, வெட்டு இருக்கும் இடமே வேறு. வேகா கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் இல்லை, ராமைத்தான் கடன் வாங்கும், இரண்டு குச்சி ஜோடியாக இருந்தால்தான் அதன் வேகம் வரும், ஒற்றைக் குச்சியில் பாதை பாதியாகிவிடும். ஒரு குச்சியோடு 5600ஜி வாங்குவது இரண்டு என்ஜின் படகில் ஒரு என்ஜினை மட்டும் ஓட்டுவது போல. 12100-இல் கடை வேலைக்கு அந்த நஷ்டம் பெரிதாகத் தெரியாது, அடுத்த சீசனில் இன்னொரு குச்சி சொருகிக்கொள்ளலாம். காலேஜ் போகும் பையனுக்கு, விளையாடவும் வேண்டும் கார்டுக்குக் காசும் இல்லை என்றால் நான் 5600ஜி-யும் இரண்டு குச்சியும்தான் சொல்வேன்.

போர்டு எச்610, டிடிஆர்4 ராம் போடும் வகை. அதே எச்610-இல் டிடிஆர்5 வகையும் வருகிறது, பில் போடும்போது கவனம். பின்பக்கம் விஜிஏ போர்ட் இருப்பதாகப் பார்த்து எடுத்தோம், மச்சானின் பழைய மானிட்டரில் அது மட்டும்தான் உண்டு. எஸ்எஸ்டி 500 ஜிபி என்விஎம்இ, சாட்டாவைவிட வேகமான வகை.

எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. கேபினட்டோடு சும்மா வரும் "500 வாட்" டப்பாவை அங்கேயே கழற்றிக் கொடுத்துவிட்டு 80 பிளஸ் புரோன்ஸ் (மின்சாரத்தை அதிகம் வீணாக்காது என்ற வெண்கலத் தரச் சான்று) முத்திரை உள்ள 450 வாட் எடுத்தோம். கார்டு இல்லாத இந்தப் பெட்டிக்கு 150 வாட்டே அதிகம், ஆனால் லோ வோல்டேஜைத் தாங்குவதும் போகும்போது போர்டை இழுத்துக்கொண்டு போகாமல் இருப்பதும் வாட் கணக்கில் இல்லை. ஒரு எச்சரிக்கை, இப்படிப்பட்ட எஸ்எம்பிஎஸ்களில் சில பழைய சதுர அலை இன்வெர்ட்டரோடு ஒத்துப்போகாது, கரண்ட் போன நொடியில் கம்ப்யூட்டரும் அணைந்துவிடும். உங்கள் யுபிஎஸ்ஸோடு மாட்டிச் சோதித்துவிட்டுக் கடையை விட்டு வெளியே வாருங்கள். நாங்கள் யுபிஎஸ்ஸைக் கையோடு தூக்கிக்கொண்டே போனோம், பஸ்ஸில் கண்டக்டர் அதற்கும் லக்கேஜ் கேட்டார்.

மாட்டும்போது கேபினட்டில் கை வைத்தால் சுர்ரென்றது. எர்த் இல்லை. மணல் தரையில் குழி காய்ந்துவிடும், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு உப்பும் கரியும் போட்டுத் தண்ணீர் ஊற்றியதும் நின்றது. பெட்டியைக் கடல் பார்த்த ஜன்னலிலிருந்து எடுத்து உள்சுவர் ஓரம் ஒரு அடி உயர ஸ்டூலில் வைத்தோம். தடைக்காலத்தில் வேலை இல்லாவிட்டாலும் தினமும் ஒரு மணி நேரம் போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன், உள்ளே சூடு இருந்தால் ஈரம் அண்டாது.

செலவு முப்பதாயிரத்தை ஆயிரத்துச் சொச்சம் தாண்டிவிட்டது. பழைய எச்81 பெட்டிக்கு ஒரு சின்ன எஸ்எஸ்டி போட்டு வீட்டுக்கு அனுப்பியாயிற்று. மச்சான் மகன் அதில் விளையாட கிராபிக்ஸ் கார்டு கேட்கிறான். பிளஸ் டூ முடியட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறார்.