ரெண்ட் இசை நாடகம், பள்ளிப் பதிப்பு: வசை போனது, கதை நிற்கிறது

மியூசிக் தியேட்டர் இன்டர்நேஷனல் நிறுவனம், பள்ளிகளில் மேடையேற்ற உரிமம் வழங்கும் இந்தப் பதிப்பில் கடுமையான கெட்ட வார்த்தைகள் மாற்றப்பட்டுள்ளன. உடலுறவைக் காட்டும் 'கான்டாக்ட்' பாடல் முழுதாகவே நீக்கப்பட்டுள்ளது. எய்ட்ஸும் தன்பாலினக் காதலும் அப்படியே இருக்கின்றன. இதன் பெரிய பலமே அதுதான்.

மூலப் பிரதியில் நாமே சொல்லை மாற்றினால் அசை கூடும் குறையும், மெட்டு இடறும், பாடும் பிள்ளை மேடையில் திணறும். வசை வரும் இடத்தில் மௌனம் விட்டால் இன்னும் மோசம்: பார்வையாளர்களே அதை மனதில் நிரப்பிச் சிரிப்பார்கள். இங்கே அந்தத் தொல்லை குறைவு.

கவனம்: இதற்குமேல் ஒரு சொல்லை மாற்றக்கூட அந்த நிறுவனத்தின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். நடிகர் தேர்வுக்கு முன்பே பிரதியை வரவழைத்து, நெருடும் வரிகளைப் பக்க எண்ணோடு தலைமை ஆசிரியரிடம் காட்டிவிடுங்கள். மூல ஒலிப்பதிவைக் கேட்டுப் பழகிய மாணவர் வாயில் பழைய சொல்லே வரும். ஒத்திகைக்குப் பள்ளிப் பதிப்பை மட்டும் கொடுங்கள்.